முழுசு முழுசாக வந்த பேச்சு

சாயங்காலம் ஆனால் மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் ஹாலில் சிரிப்புச் சத்தம் கேட்கும். நடப்பது ஆங்கில வகுப்பு என்று சொன்னால் புதிதாக வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள். படிக்க வந்தவர்கள் யாரும் சின்னப் பிள்ளைகள் இல்லை. விடியற்காலையிலிருந்து பேக்கரியில் மாவு பிசைந்துவிட்டு வருகிற அக்கா ஒருத்தி, டாக்ஸி ஓட்டுகிற ஒரு பெரிய மீசைக்காரர், ஓட்டலில் படுக்கை விரிக்கிற பெண்கள், வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிறவர்கள். வேலைக்கு ஆங்கிலம் தேவைப்பட்டதால் வந்தார்கள். வந்தவர்கள் நின்றது டீச்சருக்காக.

டீச்சர் இலக்கணத்தைக் கடனே என்று நடத்துவார். மரபுத்தொடர் வந்துவிட்டால் ஆளே மாறிவிடுவார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து நடித்தே காட்டுவார். “தனித்தனியா பார்த்தா எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்ச வார்த்தைங்கதான். கூட்டமா சேர்ந்து வந்தா மட்டும் உங்களைத் தெரியாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கும்” என்பார். பிறகு, நம் பேச்சில் இதற்கு என்ன சொல்வோம் என்று கேட்பார். வகுப்பு களை கட்டுவது அங்கேதான்.

‘பீஸ் ஆஃப் கேக்’ என்றால் ரொம்பச் சுலபமான வேலை என்று அவர் சொன்ன அன்று, பேக்கரி அக்கா எழுந்து, இதைச் சொன்னவன் வாழ்க்கையில் ஒரு கேக்காவது செய்து பார்த்திருக்கிறானா என்று சண்டைக்கே போய்விட்டாள். ‘புல்லிங் மை லெக்’ வந்த அன்று எல்லாரும் ஒரே குரலில் காலை வாருவது என்றார்கள். டீச்சர் கையை உயர்த்தி நிறுத்தினார். நாம் காலை வாரினால் அது நம்பினவனைக் கவிழ்ப்பது. அவர்கள் காலை இழுத்தால் அது வெறும் கிண்டல். கால் அதே கால்தான், விழுகிற இடம் வேறு என்றார். டாக்ஸிக்காரர் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த வாரம்தான் ஒரு பயணி விளையாட்டாக அதைச் சொல்லப்போக, அவரிடம் முறைத்துக்கொண்டு வந்திருந்தார்.

டீச்சரின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் நடுவழியில் நின்றுபோகும் லிஃப்ட்டுகளைச் சரிசெய்வது அவர் வேலை. தெருவில் எல்லாருக்கும் அவர் லிஃப்ட்காரர். வேலை முடிந்ததும் ஹாலுக்கு ஏறும் படியில் உட்கார்ந்து, வகுப்பு முடியக் காத்திருப்பார். உள்ளே வந்து உட்காரச் சொன்னால், எனக்கு மேலே, கீழே என்று இரண்டு வார்த்தை போதும் என்று சிரிப்பார். இப்படிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்தே எத்தனையோ தொடர்கள் அவர் காதில் விழுந்திருந்தன. ஓரிரண்டைத் தவிர எதற்கும் அர்த்தம் தெரியாது. பிறமொழிப் பாட்டுக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒருநாள் காலை, பல் தேய்த்துவிட்டு வந்த டீச்சர் மேஜைமேல் இருந்த டம்ளரை எடுக்கப்போனார். கை அதைப் பிடிக்கவில்லை. திரும்பிக் கணவரிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சத்தம் வந்தது, சொல் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்றார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் லிஃப்ட்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆனால் அடி பட்டது மூளையில் பேச்சுக்கான இடத்தில். டாக்டர் ஒரு பேனாவைக் காட்டி இது என்ன என்று கேட்டார். டீச்சர் அதைப் பார்த்தார். அவருக்குத் தெரியும் என்பது முகத்திலேயே தெரிந்தது. உதடு குவிந்தது, விரிந்தது, மறுபடி குவிந்தது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டார். இவர் யார் என்று கணவரைக் காட்டிக் கேட்டபோது, இடது கையால் அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டார். ‘என்னங்க’ என்று கூப்பிடத்தான் முடியவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கணக்கில்லாமல் அந்த வீட்டில் கேட்ட சொல் அது.

வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் வந்து சேர்ந்தாள். அம்மாவின் காதோரமாகக் குனிந்து, ஏதாவது பேசும்மா, என்னைத் திட்டவாவது செய் என்று கெஞ்சினாள். டீச்சரின் கண்ணில் நீர் வழிந்ததே தவிர வாய் திறக்கவில்லை.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம், லிஃப்ட்காரர் தொப்பலாக நனைந்து வார்டுக்குள் வந்தார். ஜன்னல் கண்ணாடியில் மழை அறைந்துகொண்டிருந்தது. சட்டை நுனியைப் பிழிந்துகொண்டே கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தவரை டீச்சர் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“இட்ஸ் ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்.”

திக்கல் இல்லை, திணறல் இல்லை. வகுப்பில் சொல்கிற அதே குரல், அதே ஏற்ற இறக்கம். லிஃப்ட்காரர் பிழிந்துகொண்டிருந்த சட்டை நுனியை விட்டுவிட்டார். மறுபடி சொல்லு என்றார். டீச்சர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவரே திகைத்துப்போயிருந்தார்.

லிஃப்ட்காரர் ஓடிப்போய் நர்ஸைக் கூட்டிவந்தார். அவர் சொன்னதை நர்ஸ் கேட்டுவிட்டு, பூனை, நாய் என்று சொன்னாரா என்று இரண்டு தடவை உறுதிப்படுத்திக்கொண்டு, நோயாளிக்கு விலங்குகள் தெரிவதுபோல் இருக்கிறது, டாக்டரிடம் சொல்கிறேன் என்று கிளம்பினார். லிஃப்ட்காரர் குறுக்கே போய் நின்றார். அவருக்கு அர்த்தம் தெரிந்த ஓரிரண்டில் இது ஒன்று.

“அது மழைங்க சிஸ்டர். கொட்டு கொட்டுன்னு கொட்டுதுன்னு சொல்றாங்க. ஜன்னலைப் பாருங்க.”

மறுநாள் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட் வந்தார். நிதானமான பெண்மணி. படங்கள் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். சாவி, குடை, நாற்காலி. எதற்கும் பெயர் வரவில்லை. டீச்சர் களைத்துப்போனார். அட்டையை இடது கையால் ஒதுக்கிவிட்டு, “லெட்ஸ் கால் இட் எ டே” என்றார். தெரபிஸ்ட் வாய்விட்டுச் சிரித்தார். இன்றைக்கு இது போதும், நீ கிளம்பு என்று என்னைத் துரத்துகிறார் என்று லிஃப்ட்காரருக்கு விளக்கினார். பிறகு வெளியே தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய், அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

நாம் பேசும்போது சொற்களை ஒன்றோடொன்று கோத்துப் புதிதாக வாக்கியம் கட்டுகிறோம். அந்த வேலை நடக்கிற இடம் டீச்சருக்குப் பழுதாகியிருக்கிறது. ஆனால் சில பேச்சை நாம் கட்டுவதே இல்லை. சொல்லிச் சொல்லி ஒரே கட்டியாக இறுகிப்போன பேச்சு. அது மூளையில் வேறு இடத்தையும் நம்பி இருக்கிறது. அதனால் அது சிலருக்குத் தப்பிவிடுகிறது. ஏன் முதலில் ஆங்கிலத்தில் வந்தது என்று லிஃப்ட்காரர் கேட்டார். அது தனக்கே சரியாகத் தெரியாது என்றார் தெரபிஸ்ட். வருஷக்கணக்காக வகுப்பில் உரக்கச் சொன்னதால் இருக்கலாம்.

லிஃப்ட்காரர் சுவரில் சாய்ந்தார்.

“கரண்ட் போயிட்டா லிஃப்ட்டுல தனியா ஒரு பேட்டரி வேலை செய்யும் மேடம். நினைச்ச மாடிக்கெல்லாம் போகாது. பக்கத்துல இருக்கிற மாடி வரைக்கும் மெதுவா கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிடும். உள்ளே இருக்கிறவங்க வெளியே வந்துடலாம்.”

கிட்டத்தட்ட அதேதான் என்றார் தெரபிஸ்ட்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கூத்து ஆரம்பமானது. டீச்சருக்குத் தண்ணீர் என்று சொல்ல வராது, வலி என்று சொல்ல வராது. ஆனால் திடுதிப்பென்று ஒரு முழுத் தொடர் தெளிவாக வந்து விழும். விழுந்ததைப் பொறுக்கி அர்த்தம் கண்டுபிடிப்பது லிஃப்ட்காரரின் பாடு. பேக்கரி அக்காவும் டாக்ஸிக்காரரும் பார்க்க வந்தபோது அவர் கூச்சத்தை விட்டுக் கேட்டுவிட்டார். டீச்சர் ஏதாவது சொன்னால் உங்களுக்கு போன் போடுகிறேன், இன்னதென்று சொல்வீர்களா என்று. எந்த நேரமானாலும் போடுங்கண்ணே என்றாள் அக்கா.

முதல் நாளே போன் போட வேண்டி வந்தது. டீச்சர் “கோல்ட் ஃபீட்” என்றார். மாவுக் கையோடு போனை எடுத்த அக்கா, கடைசி நேரத்தில் தைரியம் விட்டுப்போவது, அடிவயிற்றில் புளியைக் கரைப்பது என்று விளக்கினாள். லிஃப்ட்காரர் மனம் கலங்கிப்போய் டீச்சரின் எதிரே உட்கார்ந்தார். பயப்படாதே, நான் இருக்கிறேன், மகள் இருக்கிறாள், எல்லாம் சரியாகும் என்று உருக்கமாகப் பேசினார். டீச்சர் பொறுமையாகக் கேட்டார். பேச்சு முடிவதாகத் தெரியவில்லை. காலைத் தூக்கி அவர் மடியில் வைத்தார். கால் பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது. லிஃப்ட்காரர் அதைத் தேய்த்துவிட்டு சாக்ஸ் மாட்டினார். பக்கவாதம் வந்த பிறகு டீச்சர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு அவர் அர்த்தத்தைத் தேடும் முன் முகத்தைப் பார்க்கப் பழகினார். தூரத்தில் நிற்கும் கண், நெற்றிச் சுருக்கம், இடது கை போகிற திசை. ‘ஹோல்ட் யுவர் ஹார்ஸஸ்’ என்றால் பொறு பொறு, கரண்டியை வாயில் திணிக்காதே. ‘லாங் டைம் நோ ஸீ’ என்றால் மகளுக்கு வீடியோ கால் போடு. தொடர் ஒன்றாக இருக்கும், டீச்சர் கேட்பது பக்கத்தில் எங்கோ இருக்கும். அந்த இடைவெளியைத் தாண்டுவது தினமும் ஒரு சின்ன அதிசயம்போல் இருந்தது அவருக்கு. இத்தனை வருஷம் கூடவே வாழ்ந்த மனுஷியை இப்போதுதான் ஒவ்வொரு சொல்லாகக் கேட்கிறோம் என்று பேக்கரி அக்காவிடம் ஒருநாள் சொன்னார்.

இதற்கிடையில் மகள் மறுபடி வந்தாள். அப்பாவும் மகளும் சமையலறையில் நின்று தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். பேச்சு முழுதாகத் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஹாலை அதன் சொந்தக்காரர் வேறு ஒருவருக்கு விட்டுவிட்டார். இந்த வீட்டைக் காலிசெய்துவிட்டு இரண்டு பேரும் என்னோடு வந்துவிடுங்கள் என்றாள் மகள். டீச்சர் இருக்கும் அறைக்குள் வந்ததும் இருவரும் முகத்தை மாற்றிக்கொண்டு, அடுத்த மாசம் வகுப்பை ஆரம்பித்துவிடலாம் என்று சிரித்தார்கள்.

மகள் கடைக்குப் போயிருந்த நேரம், டீச்சர் கணவரைப் பார்த்து, “எலிஃபண்ட் இன் த ரூம்” என்றார். லிஃப்ட்காரர் தலையணையா, ஜன்னலா என்று ஒவ்வொன்றாகக் காட்டிப் பார்த்தார். இல்லை. டீச்சர் மறுபடியும் அதையே சொன்னார், இந்தத் தடவை கோபமாக. அவர் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். மறுமுனையில் பேக்கரி அக்கா தணிந்த குரலில் சொன்னாள்.

“வீட்டுக்குள்ள யானை நிக்குதுண்ணே. எல்லாருக்கும் தெரியுது. ஆனா யாரும் அதைப் பத்தி வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க. அதான் அர்த்தம்.”

லிஃப்ட்காரர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே மனைவி அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. ஒரு பேனாவின் பெயரைச் சொல்ல முடியாதவர், இந்த வீட்டில் நடப்பதையெல்லாம் நாலே சொல்லில் பிடித்துவிட்டார்.

அவர் உள்ளே போய், நாற்காலியை இழுத்துப் போட்டு, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் சொன்னது, ஹால் போனது, மகள் கூப்பிடுவது. டீச்சர் அழுதார். ஆனால் முகத்திலிருந்த இறுக்கம் தளர்ந்துவிட்டது. மகள் வீட்டுக்குப் போய்விடலாமா என்று லிஃப்ட்காரர் கேட்டார். டீச்சர் பட்டென்று, “ஓவர் மை டெட் பாடி” என்றார்.

‘டெட்’ என்ற சொல் லிஃப்ட்காரருக்கு நன்றாகத் தெரியும். பதறிப்போய் மறுபடி அக்காவைக் கூப்பிட்டார். அக்கா சிரித்த சிரிப்பு போனுக்கு வெளியே டீச்சருக்கே கேட்டிருக்கும். என் பிணத்தைத் தாண்டித்தான் அது நடக்கும், செத்தாலும் வர மாட்டேன் என்கிறார், வேறு ஒன்றுமில்லை, பயப்படாதீங்கண்ணே என்றாள்.

அவர் திரும்பி வந்து நெற்றி வியர்வையைத் துடைத்தார். சரி, போக வேண்டாம், ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது, உன்னை நான் சரியாகப் புரிந்துகொள்கிறேனா என்றே தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். டீச்சர் அவரைக் கிட்டே வரும்படி கையசைத்தார். பிறகு மெதுவாக, ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல், “இன் த சேம் போட்” என்றார்.

“போட்டுன்னா படகுதானே?” என்றார் அவர்.

டீச்சர் இடது கை விரலால் தன் நெஞ்சைத் தொட்டார். பிறகு அவர் நெஞ்சைத் தொட்டார். அந்தத் தடவை அவர் யாருக்கும் போன் போடவில்லை.

நம் மொழியில் அவர் வழக்கமாகச் சொல்கிற தொடர்களை நினைவுபடுத்திப் பாருங்கள், ஒருவேளை அவையும் உள்ளே இருக்கலாம் என்று தெரபிஸ்ட் சொல்லியிருந்தார். லிஃப்ட்காரர் யோசித்து யோசித்துப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. எந்நேரமும் பேசுகிற மனுஷி என்ன சொல்வாள் என்று எப்படித் தனியாக எடுத்துச் சொல்வது?

அது வந்தது, தேடாதபோதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் பாத்திரம் மலைபோல் குவிந்திருந்தது. லிஃப்ட்காரர் அதன் எதிரே நின்று, தன் போக்கில் முணுமுணுத்தார். வீடு கிடக்கிற கிடப்பைப் பாரு, எங்கே திரும்பினாலும் சட்டியும்... என்றவருக்கு நடுவில் இருமல் வந்துவிட்டது.

“பானையும்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவர் கையிலிருந்த தட்டு தொட்டிக்குள் நழுவியது. திரும்பினார். டீச்சர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். யார் பேசியது என்பதுபோல் அவரும் திரும்பிப் பார்த்தார்.

லிஃப்ட்காரர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார். சத்தமாகப் பேசினால் கலைந்துவிடுமோ என்று பயந்தவர்போலக் கேட்டார்.

“அக்கம்...”

“பக்கம்.”

“நோயும்...”

“நொடியும்.”

“கண்ணும்...”

“கருத்துமா.” ‘மா’ சேர்ந்தே வந்தது, அவர் எப்போதும் சொல்கிற மாதிரி.

“கொஞ்சம்...”

“நஞ்சம்” என்று சொல்லிவிட்டு டீச்சர் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். லிஃப்ட்காரரும் பக்கத்தில் உட்கார்ந்தார். குழாயை மூட மறந்துவிட்டார்கள். வீடும் வாசலும், ஆடியும் பாடியும், பழக்கமும் வழக்கமும் என்று ஒவ்வொன்றாக லிஃப்ட்காரர் போட்டுக்கொண்டே இருந்தார். பாதியை இவர் தூக்கிப்போட, மீதியை டீச்சர் பிடித்துக்கொண்டே இருந்தார். ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

அன்று சாயங்காலம் பேக்கரி அக்கா வந்தபோது லிஃப்ட்காரர் அவளிடம் கேட்டார். கொஞ்சம் தெரியும், இந்த நஞ்சம் என்றால் என்ன? அக்கா யோசித்தாள். டாக்ஸிக்காரரைக் கேட்டாள். அவர் மீசையைத் தடவினார். யாருக்கும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து சொல்கிற சொல்லாயிற்றே என்றாள் அக்கா, திகைப்போடு. ஆங்கிலக்காரன் பூனையையும் நாயையும் கொண்டுவந்து மழையில் விட்டதற்கு அவ்வளவு சிரித்தோமே, நம் வாயிலேயே ஆள் அடையாளம் தெரியாதவை எத்தனை குடியிருக்கின்றன என்றார் டாக்ஸிக்காரர். டீச்சரின் முகத்தில் வகுப்பில் மட்டும் வருகிற அந்த ஒளி வந்தது.

வகுப்பு மறுபடி நடந்தது, வீட்டு முன்னறையில். டீச்சரால் விளக்கம் சொல்ல முடியாது. தொடரைச் சொல்வார், மற்றவர்கள் விளக்குவார்கள். சரியென்றால் தலை அசையும். தப்பென்றால் இடது கை உயரும். பேக்கரி அக்கா நடித்துக் காட்டுவாள். யானை வந்த கதையை அவள் புதிதாக வந்தவர்களுக்குச் சொன்னபோது, உயிருள்ள ஒரு தொடரை எதிரே பார்த்துவிட்டவர்கள்போல் எல்லாரும் டீச்சரையே பார்த்தார்கள்.

தெரபிஸ்ட் வாரம் தவறாமல் வந்தார். பாதி வார்த்தை விளையாட்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல முன்னேறினார்கள். தண்ணி என்று வந்தது. ஒருநாள் காலை ‘என்னங்க’ வந்தது. லிஃப்ட்காரர் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி நின்றார், இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று. இரண்டு சொல் சேர்ந்து வருவதற்கு இன்னும் நாளானது. முழுதாக ஒருபோதும் திரும்பவில்லை. டாக்டர் சொன்னது அந்த மட்டில் சரிதான்.

மழைக்காலம் முடிந்திருந்த ஒரு பிற்பகல். டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். ரேடியோ இல்லை, பேச்சு இல்லை. யாரும் பாதி வார்த்தை எடுத்துக் கொடுக்கவும் இல்லை.

“அந்த ஆளு...” என்றார் டீச்சர். நிறுத்தினார். நெற்றி சுருங்கியது. ஏதோ கனமான ஒன்றை உள்ளேயிருந்து இழுத்துக்கொண்டு வருவதுபோல் மூச்சு வாங்கினார். “செருப்பு... வேற. ரெண்டும் வேற வேற.”

லிஃப்ட்காரர் ஊசியைத் துணியிலேயே குத்திவைத்துவிட்டு எழுந்தார். இது எந்தத் தொடரும் இல்லை. எந்த வகுப்பிலும் நடத்தியதில்லை. இதற்கு முன் யாரும் இப்படி அவரிடம் சொன்னதும் இல்லை. ஜன்னலுக்கு வந்து குனிந்து பார்த்தார்.

தெருவின் எதிர்ப்பக்கம், கையில் ஒரு பையோடு, யாரோ ஒரு மனிதர் அவசரமாக நடந்துபோய்க்கொண்டிருந்தார். ஒரு காலில் கறுப்பு, ஒரு காலில் பழுப்பு. அவருக்கே அது தெரியாது போலிருந்தது.

“ஆமா” என்றார் லிஃப்ட்காரர்.

அந்த மனிதர் முனையில் திரும்பி மறைகிற வரைக்கும் இருவரும் அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.